மீன் பிடிக்கிற ரீலு

முத்துப்பாண்டிக்கு மீன் என்றால் தட்டில் வருவது. அதற்கு முன்னால் அது எங்கே கிடந்தது, யார் பிடித்தார்கள், எதைக் கொண்டு பிடித்தார்கள் என்பதெல்லாம் அவன் இத்தனை வருஷத்தில் ஒருநாளும் யோசித்த சங்கதியில்லை. அப்பேர்ப்பட்டவன் புதன்கிழமை சாயங்காலம் பழங்காநத்தத்தில் ஒரு கடைக்குள் நின்றுகொண்டு, சுவரோரம் சாத்தி வைத்திருந்த தூண்டில் கம்புகளைப் பார்த்துத் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தான். ஒன்றா இரண்டா, ஒரு சுவர் முழுக்க. பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. விலை மட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருந்தது.

அவனை இங்கே கொண்டுவந்து நிறுத்தியவள் அவனைப் பெற்ற அழகம்மாள். எழுமலையில் காடு கரை என்று கிடந்தவளுக்கு இரண்டு கிட்னியும் பழுதாகிப் போனதும், முத்துப்பாண்டி விளாங்குடிக்குத் தன் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டான். செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். காலையில் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, தான் வேலை பார்க்கும் டைல்ஸ் கடைக்குப் போய்விடுவான். நாலு மணி நேரம் கழித்து வந்து ஏற்றிக்கொண்டு போவான். ஒன்றரை வருஷமாக வண்டி இப்படித்தான் ஓடியது, நேற்றுச் செவ்வாய்க்கிழமை காலைவரை.

நேற்று அவள் எழுந்து குளித்தாள், தலை சீவினாள், நல்ல சேலை கட்டினாள். கட்டிக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வரல."

"ஏம்மா, ஒடம்புக்கு என்ன செய்யுது?"

"ஒடம்புக்கு ஒண்ணும் செய்யல. அந்த ரீலு இல்லாம நாலு மணி நேரம் அங்க படுத்துக் கெடக்க என்னால ஆகாது."

"எந்த ரீலு?"

"அதான், மீன் பிடிக்கிற ரீலு. கடையில கேட்டாக் குடுப்பாகளாம்ல. வாங்கிட்டு வா, வாரேன்."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அழகம்மாள் ஒரு பேச்சுப் பேசினால் பேசினதுதான். மேற்கொண்டு கேட்டால் பதில் வராது, முதுகுதான் தெரியும். முத்துப்பாண்டி அரைமணி நேரம் அந்த முதுகோடு பேசிப் பார்த்தான். மீன் பிடிப்பதற்கும் டயாலிசிஸுக்கும் என்ன சம்பந்தம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு எந்தத் தண்ணீரில் தூண்டில் போடுவாள் என்று யோசித்து யோசித்து அவனுக்கு மண்டை காய்ந்துபோனது.

பத்து மணிக்கு டயாலிசிஸ் நர்சு செல்லக்கிளி போன் போட்டது. "அண்ணே, அம்மா ஏன் வரல? ஒரு நேரம் விட்டாலே தண்ணி ஏறி நெஞ்சுல போய் நிக்கும். வெள்ளிக்கிழமையும் விட்டுட்டா ஆள் தாங்காது, பாத்துக்கங்க."

"மீன் பிடிக்கிற ரீலு வாங்கித் தந்தாத்தான் வருவேங்குதும்மா."

பின்னால் யாரோ செல்லக்கிளியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "யூரியா ஏறுனா இப்படித்தாண்ணே, சம்பந்தமில்லாமப் பேசுவாங்க. கேக்குறதை வாங்கிக் குடுத்து எப்படியாச்சும் கூட்டியாந்துருங்க" என்று வைத்துவிட்டது.

இதை வந்து சொன்னதும் அவன் மனைவி சுபலட்சுமி, "யூரியாவா? நெல்லுக்குப் போடுவோமே, அதுவா? அது எப்படிங்க அத்தை ஒடம்புக்குள்ள போச்சு?" என்று கேட்டாள்.

முத்துப்பாண்டிக்கு ஒன்று மட்டும் தெரிந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அந்த ரீலு வீட்டுக்கு வர வேண்டும். வராவிட்டால் அம்மா போய்விடுவாள். சும்மா பயமுறுத்துவதற்குச் சொல்கிற பேச்சில்லை, நிஜமாகவே போய்விடுவாள். அந்தப் பயத்தோடுதான் கடை கடையாக விசாரித்து இங்கே வந்து சேர்ந்திருந்தான். வலையும் கயிறும் விற்கிற கடை. ஒரு பக்கத்தில் தூண்டில் சாமான்களும் வைத்திருந்தார்கள்.

கடையில் இருந்தவர் காசிமாயன். வாய் ஓயாத மனிதர்.

"சொல்லுங்கண்ணே, கொளத்துக்கா, ஆத்துக்கா?"

"அம்மாவுக்கு."

காசிமாயன் ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தார். பார்த்துவிட்டு, இதைவிட மோசமான ஆட்களையெல்லாம் பார்த்தவர் போல விட்டுவிட்டார். "சரி, அம்மாவுக்கு. என்ன மீன் பிடிப்பாங்க?"

"என்னென்ன மீன் இருக்கு?"

"ஜிலேபி இருக்கு, கெண்டை இருக்கு, கெளுத்தி, விரால். ஜிலேபின்னா லேசான ராடு போதும். விரால்னா கட்டையான ராடு வேணும், தவளைப் பொம்மை போட்டு இழுக்கணும். ஆறடியா, ஏழடியா? கார்பனா, பைபரா? ரெண்டு துண்டா மாட்டுறதா, உள்ளுக்குள்ள சொருகிக்கிறதா?"

"எனக்கு ரீலு போதும்ணே. ரீலுதான் கேட்டாங்க."

"ரீலை மட்டும் வாங்கி என்ன செய்வீங்க, கையில வச்சுச் சுத்திக்கிட்டு இருப்பாங்களா? ராடு இருந்தாத்தான் ரீலு. ரீலு என்ன ஆயிரமா, ரெண்டாயிரமா, மூவாயிரமா?"

"ஆயிரத்துக்குள்ளேயே குடுங்க."

"விலையைக் கேக்கலண்ணே. சைஸு. ஆயிரம் சைஸு, ரெண்டாயிரம் சைஸு."

"சரி, ரெண்டாயிரம் என்ன விலை?"

"அது ஆயிரம் ரூவாகிட்ட வரும்."

"அப்ப ஆயிரம்?"

"அது ஆயிரத்து இருநூறு. கம்பெனி வேற."

முத்துப்பாண்டி அங்கிருந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். டைல்ஸ் கடையில் ரெண்டுக்கு ரெண்டா, நாலுக்கு ரெண்டா என்று கேட்டு அவனே எத்தனை பேரை இப்படி உட்கார வைத்திருப்பான். சுபலட்சுமிக்குப் போன் போட்டு, "ரீலுல ஆயிரமா ரெண்டாயிரமான்னு கேக்குறாங்க" என்றான். "யாருகிட்ட ரீலு விடுறீங்க? சாமானை வாங்கிட்டுச் சட்டுப்புட்டுன்னு வாங்க, அத்தை காலெல்லாம் வீங்கியிருக்கு" என்று அவள் வைத்துவிட்டாள்.

அதற்குமேல்தான் பெரிய வம்பு வந்தது. காசிமாயன் ஒரு ரீலை எடுத்து ராடில் மாட்டிக் காண்பித்து, "அம்மாவுக்கு எந்தக் கை பழக்கம்?" என்றார்.

"சோத்துக் கைதான். ஆனா எடது கையில ஊசி போடுற ரத்தக்குழாய் ஆபரேசன் பண்ணியிருக்கு. அந்தக் கையில வெயிட்டுத் தூக்கக் கூடாது."

"அப்ப சோத்துக் கையில ராடைப் பிடிக்கட்டும்."

"ரீலை எந்தக் கையால சுத்துறது?"

"எடது கையால."

"மீன் இழுத்துச்சுன்னா?"

"இழுத்தா கொஞ்சம் தம் கட்டித்தான் சுத்தணும்."

"அந்தக் கையில தம் கட்டக் கூடாதுண்ணே."

"அப்ப கைப்பிடியைக் கழட்டி இந்தப் பக்கம் மாட்டிருவோம். சோத்துக் கையால சுத்தட்டும்."

"ராடை எந்தக் கையில பிடிக்கிறது?"

"எடது கையில."

"அதுலதான் வெயிட்டுப் பிடிக்கக் கூடாதே."

இரண்டு பேரும் ஆளுக்கொரு ராடைப் பிடித்துக்கொண்டு, கடைக்கு நடுவில் நின்று, கையை மாற்றி மாற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். கயிறு வாங்க வந்த ஒரு அம்மா ஓரமாக நின்று பார்த்துவிட்டு அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டது. கடைசியில் காசிமாயனே, தரையில் குத்தி வைக்கிற ஸ்டாண்டு ஒன்றை எடுத்தார். ராடை அதில் சொருகிவிட்டால் ஒரு கையே போதும், சோத்துக் கையால் சும்மா சுற்றிக்கொண்டிருக்கலாம். முத்துப்பாண்டிக்குப் போன உயிர் வந்தது.

"நீங்க நிறையப் பிடிப்பீங்களோண்ணே?" என்று நன்றியோடு கேட்டான்.

"நானா? நமக்கு மீன் வாடையே ஆகாது. மாமன் கடை இது. அவரு கல்யாணத்துக்குப் போயிருக்காரு, டப்பாவுல எழுதியிருக்கிறதைப் படிச்சுச் சொல்றேன்" என்றார் காசிமாயன்.

உள்ளுக்குள் சொருகிக்கொள்கிற ஆறடி ராடு, ரெண்டாயிரம் சைஸ் ரீலு, நூல், முள் ஒரு பாக்கெட், ஸ்டாண்டு. எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வண்டியில் வரும்போது முத்துப்பாண்டி தனக்குத்தானே ஒரு கதை கட்டிக்கொண்டான். சின்ன வயசில் அம்மா வாய்க்கால் கரையில் உட்கார்ந்து கெண்டை பிடித்திருப்பாள். யாரும் அறியாத ஆசை. நோயில் கிடக்கும்போது அது மேலே வந்திருக்கிறது. கதை அத்தனை பொருத்தமாக இருந்ததால் அதை அவன் யாரிடமும் கேட்டுச் சரிபார்க்கவில்லை.

வீட்டில் கட்டைப் பிரித்து, ராடை ஒவ்வொரு கணுவாக இழுத்து நீட்டி, அம்மாவின் முன்னால் வைத்தான். முனை போய் டிவியில் இடித்தது.

"என்னப்பா இது?"

"நீ கேட்டதுதாம்மா. மீன் பிடிக்கிற ரீலு."

அழகம்மாள் ரீலைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். சுபலட்சுமி அவன் முதுகுக்குப் பின்னால் நின்று கண்ணைக் காட்டியதை அவனும் எதிரில் இருந்த கண்ணாடியில் கவனித்தான், ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று பிடிபடவில்லை. அழகம்மாள் ரீலின் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, "நல்லாருக்கு" என்றாள். நோயாளியைப் பார்க்கப் போனவர்கள் பேசுகிற குரல் அது.

"அப்ப வெள்ளிக்கிழமை வாரேல்ல?"

"பாப்போம்."

இந்தப் பார்ப்போம் எதற்கு என்று அவனுக்கு விளங்கவில்லை. கேட்டது வந்தாகிவிட்டதே. ஒருவேளை ஒரு மீனாவது பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வருவாளோ என்னவோ. வியாழக்கிழமை கடைக்கு லீவு போட்டான். மச்சானின் காரை வாங்கிக்கொண்டு, அம்மாவை ஏற்றி, சமயநல்லூர் தாண்டி உள்ளே இருக்கிற ஒரு கண்மாய்க்குக் கூட்டிப்போனான். அவள் எதுவும் மறுத்துப் பேசவில்லை. வழியெல்லாம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது காலில் செருப்பு பிடிக்காத அளவுக்கு வீக்கம் இருந்தது. கரையில் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தான். உட்கார்ந்ததும் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போடச் சொன்னாள்.

கண்மாயில் தண்ணீர் பாதிக்குமேல் கிடந்தது. முள்ளில் கோதுமை மாவை உருட்டி வைத்து, "நான் போட்டுத் தாரேன், நீ சுத்து" என்று ராடை ஓங்கி வீசினான். நூலைத் தடுக்கிற கம்பியைத் தூக்கிவிட வேண்டும் என்று காசிமாயன் சொன்னதை மறந்துவிட்டான். மாவு மட்டும் தண்ணீரில் போய் விழுந்தது. முள் திரும்பிவந்து அவன் சட்டைக் காலரில் மாட்டியது. அதைக் கழற்றி, கம்பியைத் தூக்கிவிட்டு, இரண்டாந் தடவை இன்னும் பலமாகப் பின்னால் ஓங்கினான். இந்தத் தடவை முள் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை, பின்னால் நின்ற கருவேல மரத்தின் கிளையில் போய் மாட்டிக்கொண்டது. முத்துப்பாண்டி இந்தப் பக்கம் இழுக்க, மரம் அந்தப் பக்கம் இழுக்க, ரீலு கிர்ரென்று சுற்றியது.

அழகம்மாள் சிரித்தாள். அவள் சிரித்து அவன் பார்த்து எவ்வளவோ நாளாயிற்று. சிரித்துச் சிரித்து இருமல் வந்தது. இருமிக்கொண்டே, "அந்த டீச்சரம்மா மகன் எம்புட்டோ தேவல" என்றாள்.

"எந்த டீச்சரம்மா?"

"ஞானம் டீச்சருதான். ஆஸ்பத்திரில பக்கத்துக் கட்டிலு. அவுக மகன் வெளிநாட்டுல இருக்கான். மீன் பிடிக்கிறதைப் படம் எடுத்துப் போன்ல போடுவான். அந்த ரீலைத்தான் அவுக போட்டுக் காமிப்பாக, நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே கெடப்போம்."

முத்துப்பாண்டி தன் கையிலிருந்த ரீலைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான்.

"நீ கேட்ட ரீலு... போன்ல ஓடுற ரீலாம்மா?"

"பின்ன என்ன? மெமரி கார்டுல பாட்டு ஏத்திக் குடுக்குறாகள்ல கடையில, அது மாதிரி அதையும் ஏத்திக் குடுப்பாகன்னு நெனச்சேன்."

"அப்ப இதைப் பாத்துட்டு ஏம்மா நல்லாருக்குன்ன?"

"நான் கேட்டது ஒண்ணு, நீ ஏதோ ஒரு கம்பைக் கொண்டாந்து 'நீ கேட்டதுதாம்மா'ங்குற. 'ரெண்டு நாளா இதுக்குத்தான் அலையுறாரு, ஒண்ணும் சொல்லிராதீங்கத்தை'ன்னு நீ வர்றதுக்கு முன்னாடியே சுபா வேற சொல்லி வச்சிருந்தா. சரி, நம்மளைத் தூக்கிச் சொமந்து புள்ளைக்குப் புத்தி ஒரு மாதிரியாப் போச்சு போல, போயிட்டு வருவோம்னு வந்தேன். எனக்குத் தண்ணின்னாலே சின்னதுல இருந்து பயம்டா."

அவன் கட்டிவைத்த வாய்க்கால் கரைக் கதை பொலபொலவென்று உதிர்ந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவளுக்குப் புத்தி மாறிவிட்டது என்று அவனும், அவனுக்கு மாறிவிட்டது என்று அவளும் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள்.

"சரி, டீச்சரம்மா போன்லயே பாக்க வேண்டியதுதான?"

அழகம்மாள் சேலை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "அவுக இல்ல. போன வாரம் போயிப் பாத்தா அந்தக் கட்டில்ல வேற ஆளு படுத்திருக்கு. செல்லக்கிளியைக் கேட்டேன். வேற ஆஸ்பத்திரிக்கு மாத்திப் போயிட்டாங்கன்னு சொல்லுது. கண்ணைத் தொடைச்சுக்கிட்டே சொல்லுது, எனக்குத் தெரியாதா."

முத்துப்பாண்டி ராடைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தான். ஒன்றரை வருஷமாக வாசலில் இறக்கிவிடுகிறான். உள்ளே அவளுக்கு ஒரு சிநேகிதி இருந்ததும் தெரியாது, இல்லாமல் போனதும் தெரியாது.

"அந்த ரீலுல அப்படி என்னம்மா இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. அவன் தூண்டியைப் போடுவான். ஒரு மீன் வரும். கையில எடுக்கப் போறப்ப வழுக்கிக்கிட்டு ஓடிரும். அவன் இந்தப் பக்கம் திரும்பி, 'போச்சும்மா, நாளைக்குப் பிடிச்சிருவோம்'பான். அம்புட்டுத்தான். டீச்சரம்மா அந்த எடம் வந்ததும், 'கேட்டீங்களா அழகம்மா, நாளைக்காம்' அப்படின்னு சொல்லிச் சிரிப்பாக. மறுக்கா போடுவாக."

கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"நம்ம வீட்டுல எங்கிட்ட யாரும் நாளைக்குன்னு பேசுறதில்லையே முத்து. இன்னைக்கு எப்படி இருக்கு, இன்னைக்கு எம்புட்டுத் தண்ணி குடிச்ச, இன்னைக்குக் கால் வீங்கியிருக்கா. எல்லாம் இன்னைக்குத்தான். கொறையாச் சொல்லல. அந்தப் பய சொல்றதைக் கேட்டா நமக்கும் நாளைக்குன்னு ஒண்ணு இருக்குன்னு தோணும், நாலு மணி நேரமும் ஓடிரும். அது இல்லாம அங்க படுத்தா, அடுத்த கட்டிலு நம்மதுதானேன்னு இருக்கு."

பதில் தெரியாதபோது எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்தான், போனை எடுத்தான். "அந்தப் பையன் பேர் என்னம்மா?"

"சின்னவன்னுதான் சொல்லுவாக."

மீன் பிடிக்கிற ரீல் என்று போட்டுத் தேடினான். உலகத்திலுள்ள அத்தனை மீனும் அத்தனை ஆளும் அந்தப் போனுக்குள் இருந்தார்கள். "இவனா?" "இல்ல." "இவன்?" "இவன் வெள்ளைக்காரன்ல." "இவன்?" "தொப்பி போட்ருப்பான்." எல்லோருமே தொப்பி போட்டிருந்தார்கள். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. அவள் மூச்சு வரவர மேல்மூச்சாக ஏறியது. சட்டென்று அவன் கையைப் பிடித்தாள்.

"விடுப்பா. நெஞ்சை அடைக்குது. போவோம்."

"வீட்டுக்கா?"

"ஆஸ்பத்திரிக்கு."

அவளைத் தூக்காத குறையாகக் காரில் ஏற்றினான். செல்லக்கிளிக்குப் போன் போட்டான். உடனே வாருங்கள், மிஷின் ஒன்று காலியாக இருக்கிறது என்றது. திண்டுக்கல் ரோட்டில் ஏறியதும் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. ரீலு கிடைக்கவில்லையே, பிறகு எதனால் வருகிறேன் என்றாள், மூச்சு முட்டியதாலா, தன்னால் ஆனதா என்று ஒரு பக்கம் மண்டைக்குள் ஓடியது. அதைவிடப் பெரிய குழப்பம் இன்னொன்று. நாளைக்கு என்று ஆரம்பித்து அவளிடம் ஏதாவது பேச வேண்டும், இப்போதே பேச வேண்டும். தேடித் தேடிப் பார்க்கிறான், வாயில் ஒன்றும் வரவில்லை. அம்மாவின் நாளைக்கு என்று அவன் யோசித்து வைத்ததெல்லாம் மாத்திரையும் ரத்தச் சோதனையும்தான். அவனுக்குத் தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

விளாங்குடி தாண்டும்போது, "அம்மா, அந்தத் தூண்டி முள்ளு மரத்துலேயே கெடக்கு. ஆடு மாடு வாயில குத்திரப் போகுது. நாளைக்குப் போய் எடுத்துட்டு வந்துருவோம், நீயும் வா" என்றான்.

அழகம்மாள் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். காதில் விழுந்ததா இல்லையா என்று தெரியவில்லை. அவன் மறுபடி சொல்லலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு வேணாம்" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். "இன்னைக்கு மிஷின்ல போட்டா நாளைக்கு ஓஞ்சு கெடப்பேன். நாளான்னைக்குப் போவோம்."

"சரிம்மா" என்றான் முத்துப்பாண்டி.